ஏழைப் பிள்ளைகளுக்காக ராஜா கட்டிய பள்ளி

லண்டனிலிருந்து மேற்கே ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் வின்ட்சர் வந்துவிடும். அங்குள்ள அரச குடும்பத்துக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களில் பலர், அது முடிந்ததும் தேம்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து மறுகரைக்கும் ஒரு நடை போய்வருவார்கள். அங்கே நீளமாக ஒரு கடைத்தெரு. அதன் கோடியில், வால் நீண்ட கறுப்புக் கோட்டும் கோடு போட்ட கால்சட்டையும் விறைத்த வெள்ளைக் காலருமாகப் பையன்கள் கக்கத்தில் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். யாரும் கல்யாணத்துக்குக் கிளம்பவில்லை; கணக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதுதான் ஈட்டன் கல்லூரி. பெயரில்தான் கல்லூரி, உண்மையில் 13 முதல் 18 வயது வரையிலான பையன்கள் மட்டும் படிக்கிற பள்ளிக்கூடம். ஏறக்குறைய 1,300 பேர். ஒருவர் விடாமல் எல்லோரும் விடுதியில்தான் தங்க வேண்டும். பிரிட்டனின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலில் தொடங்கி போரிஸ் ஜான்சன் வரை 20 பிரதமர்கள் இங்கே படித்தவர்கள். இந்த வகைப் பள்ளிகளை இங்கிலாந்தில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்பார்கள். அரசாங்கப் பள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. காசு கட்டிப் படிக்கிற தனியார் பள்ளிகளிலேயே பழமையும் அந்தஸ்தும் கூடிய சிலவற்றுக்குத்தான் அந்தப் பெயர்.

ஈட்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஆறு நூற்றாண்டாக மாறாத மரபு’ என்ற பல்லவியையே பாடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழசுபோலத் தெரிகிற பலதும் அங்கே அண்மைக் காலத்தது. நிஜமாகவே பழசாக இருந்தவற்றில் பலவற்றை அவர்களே தூக்கிப் போட்டுவிட்டார்கள். எது எந்தக் காலத்துச் சரக்கு என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்தப் பள்ளி எப்படி ஓடுகிறது என்பது பிடிபடும்.

தொடங்கிய ஆண்டு 1440. ஒன்பது மாதக் குழந்தையாக அரியணைக்கு வந்த ஆறாம் ஹென்றிக்கு அப்போது வயது 18. போரைவிட ஜெபத்தில் நாட்டம் கொண்ட மன்னர். 70 ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறு, படுக்கை, லத்தீன் படிப்பு மூன்றையும் இலவசமாகக் கொடுக்க ஈட்டன். அங்கே தேறியவர்கள் மேலே படிக்க, அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜில் கிங்ஸ் கல்லூரி. யோசனை முழுக்க அவருடையது அல்ல. வின்செஸ்டர் நகரில் 1382லேயே ஒரு பிஷப் இதே 70 பேர் கணக்கில் பள்ளி தொடங்கியிருந்தார். ஹென்றி அங்கே போய்ப் பார்த்து, அதன் தலைமையாசிரியர் வில்லியம் வெயின்ஃப்ளீட்டையே ஈட்டனுக்கு அழைத்துக்கொண்டார்.

மன்னருக்குப் பெரிய ஆசை, பள்ளியின் தேவாலயத்தின் மேல். இன்று அண்ணாந்து பார்க்க வைக்கிற அந்தக் கட்டடம் அவர் மனத்தில் இருந்த திட்டத்தில் ஒரு பகுதிதான். 1461இல் ஹென்றி பதவி இழந்தார். வென்று வந்த நான்காம் எட்வர்டுக்கு எதிரியின் செல்லப் பள்ளியைக் கண்டால் ஆகுமா? சொத்துகளைப் பறித்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வின்ட்சர் கோட்டைக்குள் இருந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குக் கொடுத்தார். பள்ளியையே மூடிவிடவும் ஏற்பாடு நடந்தது. பிறகு மனம் மாறி ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார். ஆனால் நின்ற கட்டட வேலை நின்றதுதான். ஹென்றி 1471 மே மாதம் லண்டன் டவரில் சிறையிலேயே கொல்லப்பட்டார்.

அந்தத் தேவாலயத்தின் உள்ளே போனால் நான் சொல்ல வருவது கண்ணெதிரே தெரியும். சுவர்களில் 1480களில் தீட்டிய ஓவியங்கள். நாடு புராட்டஸ்டண்ட் மதத்துக்கு மாறியதும், 1560இல், பள்ளியின் நாவிதருக்குக் கூலி கொடுத்து அவற்றின் மேல் வெள்ளையடிக்கச் சொன்னார்கள். 1847இல்தான் அவை மறுபடி கண்ணில் பட்டன. முழுசாக வெளியே வந்தது 1923இல். அதாவது 360 ஆண்டு மாணவர்கள் அந்த ஓவியங்களைச் சரியாகப் பார்த்ததே இல்லை. மேலே நிமிர்ந்தால், கல்லில் விசிறி விசிறியாக விரிகிற கூரை. சுற்றுலா வந்தவர்கள் 15ஆம் நூற்றாண்டின் கைவண்ணம் என்று வாய் பிளப்பார்கள். பழைய மரக்கூரையை வண்டு அரித்துவிட்டதால் 1950களில் கான்கிரீட்டில் வார்த்து, கல் முகப்பு வைத்த கூரை அது. ஜன்னல் கண்ணாடிகள் இன்னும் சுவாரஸ்யம்: 1940இல் ஜெர்மானியர் போட்ட குண்டில் பழைய கண்ணாடிகள் நொறுங்கின. இப்போது இருப்பவை ஈவி ஹோன், ஜான் பைப்பர் என்ற இரண்டு 20ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் வடிவமைப்பு.

மன்னர் ஏற்படுத்திய 70 இடங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்த இடங்களில் சேர்கிறவர்களுக்கு ‘கிங்ஸ் ஸ்காலர்’ என்று பெயர். கோட்டுக்கு மேல் ஒரு கறுப்பு அங்கி போட்டுக்கொள்வார்கள். ‘காலேஜ்’ எனப்படும் பழைய கட்டடத்தில் தனியே தங்குவார்கள். இவர்கள் போக மீதி 1,200 பேருக்கு மேல் இருப்பவர்கள் ‘ஆப்பிடன்’கள், அதாவது ஊருக்குள் தங்கிப் படிப்பவர்கள். ஆரம்பத்திலேயே காசு கொடுத்துப் படிக்கிற சிலரைச் சேர்த்துக்கொள்ள மன்னரின் விதிகளில் இடம் இருந்தது. அவர்கள் ஊரில் அறை எடுத்துத் தங்கினார்கள். அந்தச் சின்ன இடுக்கு வழியாகத்தான் இங்கிலாந்தின் பணக்காரக் குடும்பங்கள் மொத்தமும் உள்ளே நுழைந்தன. ஒரு காலகட்டத்துக்குப் பிறகு, யாருக்காகப் பள்ளி கட்டப்பட்டதோ அவர்களே அங்கே கேவலமாக நடத்தப்பட்டார்கள்.

‘லாங் சேம்பர்’ கதையைக் கேட்டால் இது விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஸ்காலர்கள் படுத்துக்கொண்ட நீண்ட ஒற்றைக்கூடம் அது. இரவானதும் வெளியே பூட்டிவிடுவார்கள்; காலையில்தான் திறப்பார்கள். உள்ளே பெரியவர்கள் ஒருவரும் கிடையாது. எலித் தொல்லை, குளிர், பெரிய பையன்கள் சின்னவர்களைப் படுத்துகிற கொடுமை. சாப்பாட்டுக்கு அன்றாடம் ஆட்டிறைச்சி. அதிலும் சின்னவர்கள் பங்குக்கு எலும்புதான் மிஞ்சும் என்று பழைய மாணவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். காசுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குள் வசதியான வீடுகளில் இருக்க, இலவசப் படிப்புக்கு ஆள் கிடைக்காமல் 70 இடங்களில் பல காலியாகக் கிடந்த ஆண்டுகளும் உண்டு. 1840களில் புதுக் கட்டடம் எழுப்பிக் கூடத்தைத் தடுத்து அறைகளாக்கினார்கள். சிபாரிசில் கிடைத்துவந்த இடங்களுக்குப் போட்டித் தேர்வும் வைத்தார்கள். அதன் பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. ஏழை என்பதற்காக வருகிறவன் போய், கெட்டிக்காரன் என்பதற்காக வருகிறவன் ஸ்காலர் ஆனான். பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ், உயிரியலாளர் ஜே. பி. எஸ். ஹால்டேன், பிகாரின் மோதிஹாரியில் பிறந்து பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்ற பெயரில் எழுதிய எரிக் பிளேர், எல்லோரும் இந்த 70க்குள் இருந்தவர்கள்தான்.

இனி அன்றாட வாழ்க்கை. பள்ளி 25 ‘ஹவுஸ்’களாகப் பிரிந்திருக்கிறது. ஒன்று ஸ்காலர்களுக்கு, மற்ற 24 ஆப்பிடன்களுக்கு. நம் பள்ளிகளில் சிவப்பு, நீலம் என்று விளையாட்டு விழாவுக்கு மட்டும் பிரிக்கிற ஹவுஸ் அல்ல. ஏறக்குறைய 50 பையன்கள் ஐந்து ஆண்டு ஒன்றாக வாழ்கிற வீடு. அதற்கு ஒரு ஆசிரியர் பொறுப்பு. அவரும் குடும்பத்தோடு அதே கட்டடத்தில் குடியிருப்பார். உடம்புக்கு முடியவில்லை, பொத்தான் அறுந்துவிட்டது, வீட்டு ஞாபகம் வந்து அழுகை வருகிறது என்றால் பையன் போய் நிற்பது ‘டேம்’ எனப்படும் அம்மையாரிடம். அந்தக் காலத்தில் ஊருக்குள் பையன்களுக்கு அறை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மாக்களின் வாரிசுப் பதவி இது.

பிரிட்டனின் மற்ற விடுதிப் பள்ளிகளில் பத்துப் பேர், பன்னிரண்டு பேர் ஒரே அறையில் படுப்பது சாதாரணம். ஈட்டனில் முதல் நாளிலிருந்தே ஒவ்வொருவனுக்கும் தனி அறை. கட்டில், மேசை, அலமாரி, சுவரில் தனக்குப் பிடித்த படம். இது சின்ன விஷயம் இல்லை. அந்தப் பள்ளியிலிருந்து வருகிறவர்களிடம் காணப்படுகிற ‘எனக்கென்று ஓர் இடம் இருக்கிறது’ என்ற தெனாவெட்டுக்கு வால் கோட்டைவிட இந்த அறைதான் காரணம் என்பது என் ஊகம்.

சாயங்காலம் நான்கு மணி வாக்கில் இரண்டு மூன்று நண்பர்கள் ஒருவன் அறையில் கூடி, ரொட்டியை வாட்டி, முட்டையைப் பொரித்து, பீன்ஸ் டப்பாவைத் திறந்து தாங்களே டீ போட்டுக் குடிப்பார்கள். இதை ‘மெஸ்’ போடுவது என்பார்கள். யாரோடு மெஸ் என்பது அந்த வயதில் பெரிய அரசியல். போன ஆண்டு கூட இருந்தவன் இந்த ஆண்டு வேறு அறைக்குப் போய்விட்டால் மனஸ்தாபம்தான்.

வகுப்பு சனிக்கிழமையும் உண்டு. ஆனால் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மத்தியானத்துக்கு மேல் விளையாட்டு. காலையில் தேவாலய வழிபாடு. இந்து, இஸ்லாமிய, யூத மாணவர்களுக்கு அவரவர் சமயத்துக்கு வழிகாட்டிகள் இருக்கிறார்கள். ஆசிரியருக்குப் பேர் ‘பீக்’. பள்ளிப் பருவத்துக்குப் பேர் ‘ஹாஃப்’; ஆண்டுக்கு மூன்று ‘ஹாஃப்’ வரும், கணக்குப் பார்க்கக் கூடாது. படகு விடுகிறவன் ‘வெட் பாப்’, கிரிக்கெட் ஆடுகிறவன் ‘டிரை பாப்’. புதிதாகச் சேர்ந்தவன் முதல் சில வாரங்களில் இந்தச் சொற்களையும் ஹவுஸ்களின் பெயர்களையும் தலைவர்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்தாக வேண்டும். ஒரு காலத்தில் அதற்குத் தேர்வே வைப்பார்கள்.

வீட்டுப்பாடம் படுமோசமாக இருந்தால் ஆசிரியர் தாளின் தலைப்பக்கத்தை லேசாகக் கிழித்துக் கொடுப்பார். அதற்கு ‘ரிப்’ என்று பெயர். அந்தக் கிழிந்த தாளைப் பையன் தன் ஹவுஸ் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். வேலை பிரமாதமாக இருந்தாலும் இதேபோல் ஒரு காட்டல் உண்டு. அது ‘ஷோ அப்’. கடிந்து பேசுவதைவிட இந்தக் கிழிசல் உறைக்கும் என்றுதான் தோன்றுகிறது. வகுப்புக்குத் தாமதமாக வருவதே வழக்கம் ஆனவன், சில நாளைக்கு அதிகாலையில் எழுந்து பள்ளி அலுவலகத்தில் இருக்கும் தாமதப் பதிவேட்டில் எட்டு மணிக்கு முன்பே கையெழுத்துப் போட்டுவர வேண்டும். தூக்கத்தைக் கெடுப்பதுதான் தண்டனை. 2024 செப்டம்பரிலிருந்து புதிதாகச் சேரும் பையன்களின் ஸ்மார்ட்போனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டும் உதவுகிற பழைய பாணி நோக்கியா போனைப் பள்ளியே கொடுக்கிறது. நல்ல முடிவு, நம்மூர்ப் பெற்றோர் பலர் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

உடைக்கு வருவோம். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1820இல் இறந்தபோது துக்கத்துக்காகக் கறுப்பு உடுத்தினார்கள், அதை இன்னும் கழற்றவில்லை என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் இல்லை. இன்றைய சீருடை 19ஆம் நூற்றாண்டில் கனவான்கள் பகலில் உடுத்திய சாதாரண உடை. வெளியே உலகம் மாறிவிட்டது, பள்ளி மாறவில்லை, அவ்வளவே. அதிலும் கழிந்தவை உண்டு. உயரமான கறுப்புத் தொப்பி இரண்டாம் உலகப் போரோடு போயிற்று. ஐந்தடி நான்கு அங்குலத்துக்குக் குறைவான பையன்கள் வால் கோட்டுக்குப் பதில் இடுப்போடு நிற்கிற குட்டை ஜாக்கெட் போட வேண்டும் என்ற விதி 1967 வரை இருந்தது. ஒரே வகுப்பில் இருவர், ஒருவன் வளர்ந்துவிட்டான் என்பதால் வேறு உடை! அந்த வயதுப் பையனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தொப்பி போனாலும் தொப்பியைத் தொட்டு வணங்குகிற சைகை போகவில்லை. எதிரே ஆசிரியர் வந்தால் வலது ஆள்காட்டி விரலை உயர்த்துவார்கள்.

வெளியாளுக்கு எல்லாரும் ஒரே மாதிரி தெரிவார்கள். உள்ளே இருப்பவனுக்கு ஒவ்வொரு துணியும் ஒரு பதவி. விங் காலரும் வெள்ளை வில் டையும் கட்டியிருந்தால் ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறான் என்று பொருள். கட்டம் போட்ட கால்சட்டையும், தன் இஷ்டத்துக்குத் தைத்துக்கொண்ட வண்ண வண்ண வெயிஸ்ட்கோட்டும் போட்டு ஒருவன் வந்தால் ‘பாப்’ சங்கத்தின் உறுப்பினர். 1811இல் பேச்சுப் போட்டிச் சங்கமாகத் தொடங்கியது இது. நாளடைவில் பேச்சு போய் அதிகாரம் மிஞ்சியது. நெடுங்காலம் உறுப்பினர்களே அடுத்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே படிப்பில் முதலாக இருப்பவனைவிட, நாலு பேருக்குப் பிடித்தவனாக இருப்பவனுக்கே இடம். சுருட்டிய குடையோடு நடப்பதுகூட ஒரு காலத்தில் இவர்களுக்கு மட்டுமான சலுகை; மற்றவர்கள் குடையைச் சுருட்டாமல்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சிரிப்பு வரலாம். ஆனால் 17 வயதில் சக மாணவர்களிடம் வாக்குச் சேகரித்து, யாரை அணைப்பது, யாரை ஒதுக்குவது என்று கற்றுக்கொள்கிற இடம் இது. போரிஸ் ஜான்சன் பாப் உறுப்பினர். அவருக்கு முன்பே பிரதமரான டேவிட் கேமரூனுக்கு அந்தப் பதவி கிடைக்கவில்லை.

இந்த ஏணியின் கீழ்ப்படியில் ஒரு காலத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் சொன்னதாகும். புதிதாக வந்த பையன்கள் சீனியர்களுக்கு எடுபிடி வேலை செய்ய வேண்டும். ரொட்டி வாட்டுவது, ஷூ துடைப்பது, ஊரின் அடுத்த கோடிக்குச் சீட்டுக் கொண்டு போவது. சீனியர் நடையில் நின்று ‘பாய்!’ என்று இழுத்துக் கத்துவான். சின்னவர்கள் எல்லோரும் விழுந்தடித்து ஓடிவர வேண்டும். கடைசியாக வந்து சேர்ந்தவன் தலையில் வேலை. இது 1970களில் தேய்ந்து, 1980 வாக்கில் ஒழிந்தது.

அடியோ பள்ளிக்கு ஈடாகப் பழமையானது. பிர்ச் மரக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, புளியம்விளாறு போல விளாசுவார்கள். அதுவும் மரக்கட்டையின் மேல் மண்டியிட வைத்து, துணியை விலக்கி, மற்றவர் பார்க்க. 1665இல் லண்டனைக் கொள்ளைநோய் பிடித்தபோது புகையிலைப் புகை நோயை அண்டவிடாது என்று நம்பி, காலையில் பையன்களைப் புகைபிடிக்கச் சொன்னார்களாம். புகைக்க மறுத்தவனுக்குத்தான் அன்றைக்கு அடி. 1809 முதல் 1834 வரை தலைமையாசிரியராக இருந்த ஜான் கீட் ஐந்தடி உயரம்தான். 1832இல் கலகம் செய்த பையன்களில் 80 பேருக்கு மேற்பட்டவர்களை ஒரே இரவில் எழுப்பி அழைத்துவரச் செய்து வரிசையாக அடித்தார். அவர் ஓய்வு பெற்றபோது பழைய மாணவர்கள் அவரைக் கொண்டாடினார்கள் என்பதுதான் எனக்கு இதில் அடிக்கிற செய்தி. அடியைத் தாங்கியதையே பெருமையாக நினைக்கப் பழக்கிவிட்டால் அடிக்கிறவருக்குக் கவலை ஏது? பிர்ச் 1960களில் போய், பிரம்பு 1980களில் போயிற்று. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகள் எல்லாவற்றிலும் அடிப்பது சட்டப்படி தடையானது 1999இல்தான்.

விளையாட்டில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேவாலயத்தின் வடக்குச் சுவரில் இரண்டு முட்டுத்தூண்களுக்கு நடுவே ஒரு சின்ன இடம். பக்கத்தில் மேலே ஏறுகிற படிக்கட்டு. வழிபாட்டுக்குக் காத்திருந்த பையன்கள் அந்த இடுக்கில் பந்தைக் கையால் சுவரில் அடித்து விளையாடினார்கள். தரையில் இருந்த படியும், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த தூணும் பந்தைத் திசைதிருப்பிவிட, அதுவே ஆட்டத்தின் ருசியாயிற்று. இதற்குத் தனியாக ஆடுகளம் 1840இல் கட்டினார்கள். அந்தப் படியையும் துருத்தலையும்கூட அச்சு அசலாக அப்படியே வைத்துக் கட்டினார்கள். இன்று வடக்கு நைஜீரியா போன்ற தூர தேசங்களிலும் ‘ஈட்டன் ஃபைவ்ஸ்’ ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தேவாலயச் சுவரின் மேடுபள்ளத்தை உலகெங்கும் நகலெடுத்து ஆடுகிறார்கள் என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

மற்றது ‘வால் கேம்’, சுவர் ஆட்டம். 1717இல் கட்டிய ஒரு செங்கல் சுவர். அதை ஒட்டி 5 மீட்டர் அகலம், 110 மீட்டர் நீளத்தில் சேற்றுத் தரை. ஓர் அணிக்கு 10 பேர். சுவரோடு சுவராக எல்லோரும் ஒரே குவியலாக நசுங்கிக்கொண்டு, காலுக்கடியில் எங்கோ கிடக்கிற பந்தை அங்குலம் அங்குலமாக நகர்த்துவார்கள். முன்னேறி எதிரணியின் எல்லைக்குள் போய், பந்தைக் காலால் சுவரோடு தூக்கி நிறுத்திக் கையால் தொட்டால் ஒரு புள்ளி. அதன் பிறகு அதைக் கோலை நோக்கி எறியலாம். கோல் என்பது ஒரு பக்கம் தோட்டத்துக் கதவு. மறுபக்கம் ஒரு மரம்! நவம்பர் 30ஆம் தேதி, செயின்ட் ஆண்ட்ரூ நாளன்று, ஸ்காலர்களுக்கும் ஆப்பிடன்களுக்கும் பெரிய ஆட்டம். அந்த ஆட்டத்தில் கடைசியாக ஒருவர் கோல் போட்டது 1909இல். அதன் பிறகு இரண்டு உலகப் போர் வந்து போய்விட்டன. 0-0 என்று முடிவது இங்கே சாதாரணம். 70 பேரிலிருந்து அணி பொறுக்குகிறவர்கள் 1,200 பேரிலிருந்து பொறுக்குகிறவர்களுக்கு ஈடுகொடுக்கிறார்கள் என்பது கவனிக்க வேண்டியது. சுவர் ஸ்காலர்களின் கட்டடத்துக்குப் பக்கம். சின்ன வயதிலிருந்தே அதில் உருண்டு பழகுகிறார்கள். 1921இல் ஸ்காலர் அணியில் ஆர்வெல்லும் ஆடினார்.

வாட்டர்லூ போரில் வென்றது ஈட்டனின் விளையாட்டுத் திடல்களால்தான் என்று வெலிங்டன் பிரபு சொன்னதாக ஒரு பேச்சு உலவுகிறது. அது அவர் 1852இல் இறந்த பிறகு அச்சேறிய கதை. அவர் ஈட்டனில் படித்தது 1780களில் ஒரு மூன்று ஆண்டு. அப்போது அங்கே ஒழுங்குபடுத்திய கட்டாய விளையாட்டே கிடையாது. தனிமையில், பெரிதாகச் சோபிக்காமல் இருந்துவிட்டுப் போன பையன் அவர்.

பள்ளி கைவிட்ட மரபுகளில் மிகப் பெரியது ‘மான்டெம்’. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பையன்கள் விதவிதமான வேஷம் கட்டிக்கொண்டு, பக்கத்தில் சால்ட் ஹில் என்ற மேட்டுக்கு ஊர்வலம் போவார்கள். வழியில் போவோர் வருவோரை மறித்து ‘உப்பு’ கேட்பார்கள். உப்பு என்றால் காசு. மன்னர் எதிரே வந்தால் மன்னரும் கொடுத்தாக வேண்டும். வசூல் மொத்தமும் ஸ்காலர்களில் மூத்தவனின் கேம்பிரிட்ஜ் படிப்புக்கு. கடைசிக் காலங்களில் ஆயிரம் பவுனைத் தாண்டி வசூலானது. பிறகு ரயில் வந்தது. லண்டனிலிருந்து மேற்கே போகிற ரயில்பாதை பக்கத்து ஊரான ஸ்லௌ வழியாகப் போவதைப் பள்ளி நிர்வாகம் கடுமையாக எதிர்த்தது. பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பயம். ஸ்லௌவில் ரயில் நிற்கக் கூடாது என்று வழக்குவரை போனார்கள். அதே 1838ஆம் ஆண்டு விக்டோரியா மகாராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பையன்களை அழைத்துப் போகச் சிறப்பு ரயில் வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே. ரயிலில் லண்டன் கூட்டம் மான்டெம் பார்க்க அள்ளிக்கொண்டு வந்தது. குடியும் ரகளையும் பெருகின. 1847இல் அதோடு சரி என்று மூடிவிட்டார்கள்.

அந்த இடத்தை இப்போது நிரப்புவது ‘ஜூன் நான்கு’. மூன்றாம் ஜார்ஜின் பிறந்தநாள் விழா. ஆனால் ஜூன் நான்காம் தேதி நடப்பதில்லை. பெற்றோர் புல்வெளியில் பாய் விரித்துச் சாப்பிட, படகு அணிகள் பழைய கடற்படை உடையில், பூச்சுற்றிய தொப்பியோடு ஆற்றில் வருவார்கள். ஒடுங்கிய பந்தயப் படகில் ஒவ்வொருவராக எழுந்து நின்று துடுப்பை நிமிர்த்தி, தொப்பியிலிருந்து பூக்களை ஆற்றில் உதிர்க்க வேண்டும். ஒருவன் தடுமாறினால் மொத்தப் படகும் கவிழும். கரையில் நிற்கிற தம்பிமார்கள் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். படகுக்குப் பள்ளி செலவழிக்கிற அளவுக்கு ஒரு சாட்சி: 2012 லண்டன் ஒலிம்பிக்கின் துடுப்புப் படகுப் போட்டிகள் நடந்த டோர்னி ஏரி ஈட்டனுக்குச் சொந்தம்.

இந்தியாவை ஆள வந்தவர்களில் பலர் இந்தப் பள்ளியில் படித்தவர்கள். கார்ன்வாலிஸ், வெல்லெஸ்லி, கர்சன் எல்லோரும் ஈட்டன். 1919 முதல் 1924 வரை சென்னை மாகாண கவர்னராகவும் பின்னர் வைஸ்ராயாகவும் இருந்த வில்லிங்டனும் அப்படியே. 1935இல் டேராடூனில் டூன் பள்ளி தொடங்கியபோது முதல் தலைமையாசிரியராக வந்த ஆர்தர் ஃபுட், ஈட்டனில் அறிவியல் கற்பித்தவர். எதிர்த்திசையில் வந்தவரும் உண்டு. முன்னே சொன்ன ஹால்டேன் பள்ளியில் சீனியர்களிடம் வதைபட்டவர். ஸ்காலர்களின் தலைவனாகிப் பள்ளியை விட்டார். 1957இல் பிரிட்டனை உதறிவிட்டுக் கல்கத்தாவுக்கு வந்து இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார். பள்ளியின் மதிப்பீடு எவ்வளவு தப்பலாம் என்பதற்கு ஜான் கர்டன் ஒருவரே போதும். 1949இல் உயிரியலில் 250 பேரில் கடைசியாக வந்தார். விஞ்ஞானியாகும் நினைப்பே அபத்தம் என்ற பொருளில் ஆசிரியர் அறிக்கை எழுதினார். 2012இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்ற கர்டன், அந்த அறிக்கைக்குச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் மாட்டி வைத்திருந்தார்.

இப்போது சேர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? கட்டணம், வரியும் சேர்த்து, ஆண்டுக்கு 60,000 பவுனுக்கு மேல். 2025 ஜனவரியிலிருந்து தனியார் பள்ளிக் கட்டணத்துக்குப் பிரிட்டிஷ் அரசு 20 சதவீத வரியும் போட்டுவிட்டது. பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துச் சலுகை உண்டு. ஒரு காசும் கட்டாமல் படிப்பவர்கள் நூறு பேர் அளவில் இருக்கிறார்கள். அரசுப் பள்ளிகளிலிருந்து மேல்வகுப்புக்கு வருகிற பையன்களுக்கு ஆர்வெல்லின் பெயரிலேயே உதவித்தொகை இருக்கிறது. ஈட்டனை அவர் பெரிதாக மெச்சியவர் அல்ல. பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்குப் பத்துப் பதினோரு வயதில் கணினித் தேர்வும் நேர்காணலும். பிள்ளை பிறந்த கையோடு தந்தை தன் பழைய ஹவுஸ் ஆசிரியருக்கு எழுதிப் பெயரைப் பதிந்துவைக்கிற வழக்கம் நின்றுவிட்டது. தாத்தா, அப்பா, தான் என்று மூன்று தலைமுறை படித்த குடும்பத்துப் பிள்ளையும் வரிசையில்தான் நிற்க வேண்டும். பழைய மாணவர்கள் சிலருக்கு வால் கோட்டைக் கழற்றச் சொன்னால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது.